வளைவில் நின்ற ஜீப்

போடியிலிருந்து எங்களை ஏலத்தோட்டத்து வேலைக்கு ஏற்றிப்போன ஜீப் டிரைவர் அவர். ஒல்லியான ஆள், நெற்றியில் தையல் தழும்பு. முந்தைய மழைக்காலத்தில் அவர் ஓட்டிய ஜீப் மலையில் உருண்டு, உள்ளே இருந்த ஓர் இளம்பெண் இறந்துபோனாள். யார் விசாரித்தாலும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும், குதிக்கத் தயாரானவர்போல ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் மூடுபனியில், வளைவின் நடுவே ஜீப்பை நிறுத்திவிட்டார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. மேலிருந்து ஒரு லாரியின் ஹாரன் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே ஆச்சு? வெரசா எடுங்க!"

"ஒண்ணுமில்லத்தா..." என்றவர் காதுகளைப் பொத்திக்கொண்டார். "அந்தப் பிள்ள கத்துறது கேக்குதுத்தா. தெனமும் கேக்குது. பயமா இருக்கு."

நாங்கள் இறங்கி ஓடி, கத்திக் கையாட்டி லாரியை நிறுத்தினோம்.

அதன்பிறகு அவர் தேனியில் மனநல டாக்டரிடம் போனார். பல மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தேன்.

"மலைக்கு எப்பண்ணே வருவீங்க?"

"அவசரப்படாதன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்பத் தூக்கம் வருதுத்தா, அது போதும்" என்று சிரித்தார்.

அந்த அலறலைக் கேட்டபடியே அத்தனை நாளும் எங்களை எப்படித்தான் ஏற்றி இறக்கினாரோ!