எங்கள் முதலாளியின் தைரிய வகுப்பு

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் எங்கள் முதலாளிக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. திரும்பி வந்தவர் காலையில் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார். மைக்கைக் கையில் எடுத்தார். கவனம், தைரியம் என்று ஆரம்பித்தார்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. குழந்தைகளுக்கான பைஜாமா தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நான் அங்கே மெர்ச்சண்டைசர். துணி வருவதிலிருந்து பெட்டி கட்டும்வரை ஆர்டரின் பின்னால் ஓடுவதும், ஏதாவது கோளாறு என்றால் திட்டு வாங்குவதும் என் உத்தியோகம். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வேலைதான்.

வகுப்பு தினமும் நடந்தது. எல்லோரும் நெஞ்சில் கைவைத்து, "எனக்குப் பயம் இல்லை" என்று மூன்று தரம் கத்த வேண்டும். பீகாரிலிருந்து வந்த பெண்கள் அர்த்தம் தெரியாமலே எங்களைவிட சத்தமாகக் கத்தினார்கள். முதலாளிக்கு அதில் ரொம்பத் திருப்தி. "பாருங்க, பாஷை தெரியாதவங்களுக்கே எப்படி உள்ள எறங்குது!" என்றார். பீஸ் ரேட்டுக்கு, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிறவர்களுக்கு உள்ளே இறங்கியது என்னவென்று எனக்குத் தெரியும். வகுப்பு நடக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கருநீல பைஜாமா ஆர்டர் வந்தது. சாயப்பட்டறையிலிருந்து துணி இரண்டு தவணையாக வந்தது. ஒன்று நல்ல நீலம். இன்னொன்றில் லேசாகச் சிவப்பு அடித்தது. டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெயிலில் வைத்தால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். கட்டிங்கில் இரண்டையும் கலந்து வெட்டிவிட்டார்கள். தைத்து வந்த செட்டுகளில் சட்டை ஒரு நீலம், பேண்ட் இன்னொரு நீலம்.

நான் முதலாளியிடம் ஒரு செட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"அம்மிணி, வெள்ளக்காரன் குழந்தைக்கு ராத்திரி போட்டுத் தூங்க வெக்கிற துணி. லைட்டை அணைச்சா எல்லாம் ஒரே கலருதான்" என்றார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்களேங்க?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ பேசாம இரு."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாள் தெரிந்தது. நிறம் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி வைத்திருப்போம். அதில் பல்பு இல்லை. ஜன்னல்களுக்கெல்லாம் திரை தொங்கியது. எங்கள் கம்பெனி ஜன்னலுக்குத் திரை என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியைத்தான் பையர் என்போம். பையர் ஆபீஸிலிருந்து வந்தவர் தலை நரைத்த மனிதர். அதிகம் பேசமாட்டார். பெட்டிக்குள் எட்டிப்பார்த்து, "பல்பு எங்கீங்க?" என்று கேட்டார்.

"ஃபியூஸ் ஆயிருச்சுங்க சார். ஆள் அனுப்பியிருக்கேன்" என்றார் முதலாளி. உடனே, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிசமுங்க" என்று வெளியே நடந்தார். திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பயம் இல்லை என்று தினமும் எங்களைக் கத்தவைத்த மனிதர்!

எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? வேலை போனால் பையனின் காலேஜ் ஃபீஸ் என்ன ஆகும் என்ற நினைப்பு வேறு. ஆனால் கையில் இருந்த சட்டையைப் பார்க்கப் பார்க்க பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமானது. மேஜைமேல் கிடந்த பேண்டையும் எடுத்துக்கொண்டேன்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க. வெயில்ல பாத்துருங்க."

படிக்கட்டில் வைத்து இரண்டையும் விரித்தேன். அவர் குனிந்து பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"எல்லாமே இப்படியா?"

"கலந்துதான் கெடக்குதுங்க. ஆனா ரெண்டு நிறத்துலயும் சட்டையும் இருக்குது, பேண்டும் இருக்குது. பிரிச்சு ஜோடி சேத்துட்டா ஒவ்வொரு செட்டும் சரியாயிருமுங்க. நிறவாரியா தனித்தனிப் பெட்டியில போட்டுறலாம்."

"பிரிச்சு அடுக்க எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள் குடுத்தா போதுமுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்காங்க பல்பைக் கழட்டி வெச்சாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அங்கிருந்தே பையருக்குப் போனில் பேசி, இரண்டு நிறத்துக்கும் மாதிரித் துண்டுத்துணி அனுப்புவதாகச் சொல்லி, ஒப்புதல் வாங்கினார். நான் பயந்த பெரிய இடி இவ்வளவுதான். கொட்டகைக்குப் பின்னால் நின்றவருக்கு இன்னும் போன் பேச்சு முடியவில்லை.

இரண்டு நாளும் மொட்டைமாடியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரித்தோம். கவனம் என்று அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. கண் கூசியது, கழுத்து வலித்தது, ஒரு சட்டை மாறினால் மறுபடி முதலிலிருந்து என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி ஒருதரம் மாடி ஏறி வந்தார். "நல்ல வெயிலுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

சரக்கு கப்பலேறிய பிறகு வந்த வகுப்பில் மைக் முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "போன வாரம் ஒரு பிரச்சனை. நான் மறைக்கலை. பையர்கிட்ட நேருக்கு நேரா சொன்னேன். அதுதாங்க தைரியம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை. அன்றைக்கெல்லாம் உடம்பு கொதித்தது. எழுந்து நின்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் வெட்கப்படுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தானே கேட்பதற்கு!

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். "அம்மிணி, அடுத்த வாரம் நீ நாலு வார்த்தை பேசு."

"எனக்கு வேலை கெடக்குதுங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டியது. அந்த நேரம் என் போன் அடித்தது. பையர் ஆபீஸ்காரர். அடுத்த ஆர்டரின் துணியைப் பற்றி என்னிடமே நேராகக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க, முதலாளி பக்கத்திலேயே நின்று, "என்ன சொல்றாருங்க? என்ன சொல்றாரு?" என்று சன்னக் குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார். பேசி முடிக்கும்வரை பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.