மாப்பிள்ளை பார்க்கப் போன பரிசல்

மீன் பிடிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற தொழிலில் மீனால் ஒரு தொந்தரவும் கிடையாது. அது பாட்டுக்குத் தண்ணீருக்குள் கிடக்கும், தொந்தரவெல்லாம் வேனில் ஏறித்தான் வரும். பிள்ளைகளை ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போன வாத்தியார்கள், சபரிமலை வண்டிக்குக் குருசாமியாகப் போனவர்கள், சொந்தக்காரர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் என்று பட்டு நொந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

நான் சேகர், கோயமுத்தூர் சிங்காநல்லூர்க்காரன். மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன், லீவு நாளெல்லாம் தூண்டிலோடு அலைந்து கடைசியில் அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். பொள்ளாச்சி தாண்டி, பஸ் திரும்புகிற கடைசி ஊரும் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு ஏரி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே நூறு பைக் வந்து நிற்கும். அங்கே குத்தகைக்காரரிடம் அனுமதி வாங்கி, ஒரு வேன் ஆட்களைக் கொண்டுபோய், தூண்டில் வீசச் சொல்லிக்கொடுத்து, பரிசலில் ஏற்றிச் சுற்றிக்காட்டி, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். கூட்டாளி நஜீர் பாய், கோட்டைமேட்டுக்காரர். வேன் ஓட்டுவார், சமைப்பார், அறுந்த தூண்டில் நரம்பைக் கட்டித் தருவார், யார் கெஞ்சினாலும் இளகிவிடுவார். முதல் மூன்றால் தொழில் ஓடுகிறது. நான்காவதால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சிக்னல் வேண்டாம் என்ற பெண்

போனில் கூப்பிடுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். பாத்ரூம் இருக்கிறதா, சிக்னல் வருமா, மீன் மாட்டுமா? மூன்றுக்கும் நான் வைத்திருக்கிற பதில் ஒன்றுதான்: "எல்லாம் அங்கங்க இருக்குமுங்க." நிவேதா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "ஏனுங்கண்ணா, ஏரிகிட்ட சிக்னல் வருமுங்களா?" என்றாள். வழக்கம்போல, "அங்கங்க வருமுங்க அம்மணி" என்றேன். "அப்ப வேண்டாமுங்க" என்று போனை வைக்கப் போனாள்.

வாடிக்கை நழுவுகிறதே என்று நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இல்லீங்க அம்மணி, சத்தியமா வராதுங்க. மரத்து மேல ஏறி நின்னாலும் ஒரு கோடு வராது." அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். விஷயம் இதுதான்: வீட்டில் ஒரு வரன் பார்த்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு பக்கப் பெரியவர்களுக்கும் சம்மதம். ஓட்டலில் வைத்துப் பெண் பார்க்கிற சடங்கும் முடிந்துவிட்டது. பையன் தனக்குப் பொழுதுபோக்கே மீன் பிடிப்பதுதான் என்று பயோடேட்டாவில் போட்டிருக்கிறான். அதனால் இரண்டு குடும்பத்தையும் ஏரிக்கே கூட்டிவரப் போகிறாளாம்.

"ஓட்டல்ல ஏசியில உக்காந்தா எல்லாருமே நல்லவங்கதானுங்கண்ணா. வெயில்ல, பசியில, போன் இல்லாம ஒரு பகல் பூரா ஆளைப் பாத்துப்போட்டுத்தான் நான் பதில் சொல்லுவேன்."

மீனுக்கு ஏலக்காய்

அந்த நாளும் வந்தது. நிவேதாவின் அப்பா ராமசாமி, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். பேச்சு குறைவு, பதற்றம் அதிகம். பையன் கார்த்தி, சொந்தமாகப் பம்ப் தயாரிக்கிற குடும்பம், பளபளவென்று புது ஷூ. அவனோடு அவன் அம்மா சரசுவதி. மீதிச் சீட்டெல்லாம் இரு பக்கத்துச் சித்தப்பா, சித்தி, மாமாக்கள். சரசுவதி அம்மா முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம். "மீனைப் பாப்பேனுங்க, தொட மாட்டேனுங்க" என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்.

ஏரிக்கரையில் இறங்கியதும் எல்லோருக்கும் மண்புழுவைக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு மட்டும் கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. வாங்கினார், மோந்து பார்த்தார், நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி யோசித்தார். "சப்புன்னு இருக்குதுங்களே" என்றவர், கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதில் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காய்ப் பொடியும். பாயசத்துக்குப் போடுகிற பக்குவத்தில் தூவி மறுபடியும் பிசைந்தார். இதெல்லாம் மீனுக்குத் தெரியாதுங்கம்மா என்றேன்.

"விருந்தாளிக்கு வெக்கற மாதிரி வெக்கோணுமுங்க தம்பி, அப்பத்தான வருவாங்க."

கறிவேப்பிலையோடு பிறந்த மீன்

கொஞ்ச நேரத்தில் கார்த்தி என்னை வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். "அண்ணா, எனக்குத் தூண்டிலை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதுங்க. பயோடேட்டாவுல ஒரு கெத்துக்குப் போட்டதுங்க. அவங்க பாக்கற மாதிரி ஒரே ஒரு மீனு மாட்ட வெச்சுருங்கண்ணா." மீன் என் பேச்சைக் கேட்டு வளர்ந்ததில்லை என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். ஆனால் வேனுக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நஜீர் பாய்க்கு அது கேட்டுவிட்டது. வெங்காயத்தாலோ பையனின் குரலாலோ, பாய் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

நம் தொழிலில் ஒரு விதி உண்டு: மதியச் சாப்பாட்டுக்கு ஏரியை நம்பக் கூடாது. அதனால் பாய் எப்போதும் கோயமுத்தூரிலேயே மீன் வாங்கி, மசாலா தடவி, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்துவிடுவார். அன்றைக்குச் சங்கரா மீன். அதில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசி, கார்த்தியின் கொக்கியில் மாட்டி, கோரைப்புல் மறைவில் இறக்கிவிட்டிருக்கிறார். நான் ராமசாமி அய்யாவுக்குத் தூண்டில் வீசக் காட்டிக்கொண்டிருந்தேன். "மாட்டிருச்சு! மாட்டிருச்சு!" என்று ஒரு கூச்சல். திரும்பினால், செக்கச்செவேலென்று ஒரு கடல் மீன் பறந்துவந்து புல்லில் விழுகிறது. ஒரு துடிப்பு இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா ஒருவர் போட்டோகூட எடுத்தார். நிவேதா மட்டும் மீன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அதன் விலாவில் கத்தியால் கீறிய மூன்று கோடு. ஒரு கீறலுக்குள் விரலை விட்டு ஒரு கறிவேப்பிலையை உருவி எடுத்து என்னிடம் காட்டினாள்.

"ஏனுங்கண்ணா, இந்த ஏரில மீனு தானாவே மசாலா தடவிக்குமுங்களா?"

ராட்டினம்

வேனைக் கிளப்பச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரிசல்ல போலாமுங்க" என்றாள். நான் துடுப்புப் போட, அவளும் கார்த்தியும் ஏறினார்கள். ஏலக்காய் உருண்டையை வீணாக்க மனசில்லாமல் சரசுவதி அம்மாவும் தூண்டிலோடு ஏறினார். எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டேன். கார்த்தி பரிசல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்த பிடியில் மூங்கில் முனகியது.

நடு ஏரிக்கு வந்ததும் சரசுவதி அம்மாவின் தூண்டில் வில்லாக வளைந்தது. பரிசல் வட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய மீன் இழுத்தால் அது போகாது, சுற்றும். திருவிழா ராட்டினம் தோற்றது. மலை ஒரு தரம், வேன் ஒரு தரம், மலை ஒரு தரம், வேன் ஒரு தரம் என்று கண்முன்னால் ஓடுகிறது. "நரம்பை விட்டுருங்கம்மா!" என்று கத்தினேன். "எப்புடீங்க விடறது? என்ற ஏலக்காயைத் தின்னுபோட்டு எங்க போகுதுன்னு பாக்கறேன்!" என்று அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி இழுத்தார். கடைசியில் மேலே வந்தது கட்லா. என் கை நீளம், அகலத் தலை. இத்தனை வருஷத்தில் என் ஆட்கள் யாருக்கும் அப்படி ஒன்று மாட்டியதில்லை. கொக்கியைக் கழற்றித் தூக்கிப் பிடித்தேன். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. சரசுவதி அம்மா அதன் கண்ணையே பார்த்தார். பிறகு, தொட மாட்டேன் என்றவர், இரண்டு கையாலும் ஏந்தி வாங்கித் தண்ணீரில் விட்டார்.

"போ கண்ணு, போய் நல்லாரு. இனி யாரு குடுத்தாலும் மோந்து பாத்துத் தின்னு."

பயோடேட்டா

திரும்பலாம் என்று கரையைப் பார்த்தால் அங்கே யானை நிற்கிறது. ஒற்றைக் கொம்பன். கரையில் இருந்தவர்கள் எப்படியோ வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக நஜீர் பாயின் ஒரு கை மட்டும் வெளியே வந்து, 'வராதே, வராதே' என்று ஆடியது. அக்கரையில் யானை பார்த்திருக்கிறேன். நாங்கள் இறங்குகிற இடத்தில் பார்த்ததில்லை. அக்கரைக்குப் போனால் காடு. யாரையும் கூப்பிடச் சிக்னல் இல்லை. காற்றோ எங்களைக் கரைப் பக்கமே தள்ளுகிறது. நான் சத்தம் வராமல் பின்னால் துழாவிக்கொண்டே இருந்தேன். தோள் எரிந்தது. யானை முழங்கால் தண்ணீருக்கு இறங்கி, தும்பிக்கையை எங்களை நோக்கித் தூக்கிப் பிடித்தது.

கார்த்தி விளிம்பிலிருந்து கையை எடுத்தான். "அண்ணா, கையால தள்ளுனா உதவுமுங்களா?" என்று கிசுகிசுத்துவிட்டு, யானைப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் தள்ள ஆரம்பித்தான். உடம்பு நடுங்குகிறது, கை நிற்கவில்லை. தள்ளிக்கொண்டே நிவேதாவிடம், "எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றான். "போட்டிருந்துச்சுங்களே?" என்றாள் அவளும் கிசுகிசுப்பாக, தானும் ஒரு கையைத் தண்ணீரில் விட்டபடி. "பொய்ங்க. ஜிம்மு, டிரெக்கிங், கிட்டாரு எல்லாமே பொய்ங்க. செத்துப்போறதுக்கு முந்தி சொல்லிப்போடறேன்." "அப்ப அந்த பயோடேட்டாவுல என்னதானுங்க நெசம்?" கார்த்தி கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தான். "அம்மா பேருங்க."

சரசுவதி அம்மா யானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிவேதா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பரிசல் கவிழாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். ஏனென்றால் அந்த அம்மா சொன்னது இது:

"அதுலயும் ஒரு எழுத்துத் தப்புடா."

தட்டு

ராமசாமி அய்யா எங்கள் யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்திருந்தார். மகள் 'சரி' என்றால் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம் என்று, வேன் கடைசி சீட்டுக்கடியில் ஒரு தாம்பாளம் கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் தண்ணீரில் இருந்தபோது அதைப் புளியமரத்தடியில் ஜமக்காளத்தின் மேல் அலங்காரமாக எடுத்துவைத்துவிட்டார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், அச்சு வெல்லம், கதம்பம். யானைக்கு வாசனை போயிற்று. கரையேறிப் போய்ப் பழத்தைச் சீப்போடு விழுங்கியது. தேங்காயைக் காலால் நசுக்கிச் சாப்பிட்டது. வெல்லத்தை ஒவ்வொன்றாக எடுத்தது. பாயின் ஐஸ் பெட்டியைத் தள்ளி, சங்கராவை மோந்து பார்த்து, வேண்டாமென்று விட்டது. "பாருங்க, அதுவும் நம்ம மாதிரி சைவம்" என்றார் சரசுவதி அம்மா. கடைசியாக வெற்றிலை பாக்கையும் கதம்பத்தையும் வாயில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்துவிட்டது.

நாங்கள் கரை சேர்ந்ததும் வேன் கதவு திறந்து சொந்தக்காரர்கள் கொட்டினார்கள். யாருக்கும் பயம் இல்லை, எல்லோருக்கும் பக்தி. "பிள்ளையாரே நேர்ல வந்து தட்டு வாங்கிப்போட்டாருங்க, இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்!" என்று ஒரு மாமா காலித் தாம்பாளத்தைத் தொட்டுக் கும்பிட்டார். ராமசாமி அய்யா மகளைப் பார்த்து, "என்ன கண்ணு சொல்றே?" என்றார். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நானும்தான், எனக்கென்ன வந்தது என்று தெரியவில்லை, துடுப்பைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டேன். நிவேதா அப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. சட்டை நனைந்து, ஒரு ஷூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு நின்ற கார்த்தியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தட்டு வாங்குனது யானைங்க, நானில்லை. நீங்க மொதல்ல நீச்சல் கத்துக்கோங்க, நானே சொல்லித் தாரேன், பொறவு பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு வந்த போன்

கார்த்தி நீச்சல் கற்றுக்கொண்டான் என்று நிவேதா போனில் சொன்னாள். நேராகப் போவதில்லை, வட்டமாகத்தான் நீந்துகிறான் என்றாள். கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தது. நானும் பாயும் போய் முன் வரிசையில் உட்கார்ந்தோம். மணமேடையிலிருந்தே கார்த்தி பாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட, பாய் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை வெங்காயமும் கிடையாது. சாப்பாடு சுத்த சைவம்.

ஆடி அழைப்பெல்லாம் முடிந்து ஒரு நாள் காலையில் போன். சரசுவதி அம்மா. குரலில் தனி உற்சாகம். ஏலக்காயோடு கொஞ்சம் குங்குமப்பூவும் சேர்த்தால் என்ன ஆகும் என்று முதலில் விசாரித்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"வார சனிக்கெழம நானும் மருமவளும் வாரோமுங்க தம்பி, பையன் ஊட்டுலயே இருக்கட்டும், அவன் வந்தா பரிசல் ஆடுது."

கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் முழுசாகத் திரும்பி வந்தால் நம் தொழிலில் அது நல்ல நாள். மீனும் மாட்டியது என்று யாராவது சொன்னால் அது வதந்தி.