ஞானசெல்வியின் உள்ளங்கை அடுப்பு

கேஸ் டின்னின் தலையில் பர்னரைத் திருகி முடித்ததும் ஞானசெல்வி குனிந்து முகர்ந்து பார்ப்பார். மூக்கு சம்மதித்த பிறகுதான் தீப்பெட்டி. கால்களை விரித்தால் அந்த அடுப்பு ஓர் உள்ளங்கை அகலம். மடக்கினால் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும். பற்ற மறுத்தால் பேச்சு தொடங்கும். "ஏலே, எரியப் போறியா, பழைய இரும்புக்குப் போறியா?" பெரும்பாலும் எரிந்துவிடும்.

தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கல்யாண அண்டாக்களுக்கு நடுவே வாரமெல்லாம் உட்கார்ந்திருப்பவர், கடை அடைக்கும் நாள் வந்தால் கூடாரத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருசநாட்டுப் பக்கமோ ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கோ கிளம்பிவிடுவார். கணவர் சண்முகராஜ் பின்னால் உட்கார்ந்து வருவார். கூடாரத்தில் அவருக்கு முதுகு வலிக்கும், தூக்கம் வராது, தவளைச் சத்தம் ஆகாது. ஆனாலும் வருவார். "அவுகளுக்கு நல்ல காப்பி வேணும்ல," என்பார் ஞானசெல்வி.

பிறர் வீட்டுக் காப்பியையும் குடிப்பார், கருத்தும் சொல்வார். அதனால் யாரும் அதிகம் கொடுப்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் காதுபடவே, "டம்ளரு கழுவுன தண்ணிய மாத்திக் குடுத்துட்டாக போல," என்றவர்.

போன மழைக்காலத்தில் அவர்களுடைய கிறிஸ்தவ சபை, போடிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் குடும்ப முகாம் போட்டது. சாப்பாடு கீழிருந்து வேனில் வரும், தனிச் சமையல் கூடாது என்று செயலாளர் வினோத்ராஜ் ஒலிபெருக்கியில் அறிவித்தார். சபை மொத்தமும் ஞானசெல்வியைத் திரும்பிப் பார்த்தது. அவரும், தனக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். அடுப்பு பாட்டுப்புத்தகப் பையில், கீர்த்தனைகளுக்கு அடியில் மலையேறியது.

முதல் நாள் மாலை, விசுவாசம் மலையையே பெயர்க்கும் என்று பிரசங்கம். மறுநாள் காலை மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தது. வேன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பாஸ்டர் நீண்ட ஜெபம் செய்தார். மரம் அசையவில்லை. எல்லோரும் ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது, ஏலக்காய்க் கொட்டகைத் தாழ்வாரத்தில் நீல நெருப்பு சீறிக்கொண்டிருந்தது.

வினோத்ராஜ் வேகமாக வந்தார். "இது நல்லால்லக்கா. எல்லாரும் பட்டினி கெடக்கையில நீங்க மட்டும்... சொல்லுக்கு ஒரு மரியாதை..."

"தண்ணி கொதிக்கட்டும் தம்பி, அப்புறம் திட்டுங்க," என்று நிமிர்ந்த ஞானசெல்வி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். குளிர்க்காற்றில் அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. விரல்கள் நடுங்கின. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் சண்முகராஜுக்கும் இதே முகம்தான் வரும்.

"காலையில ஊசி போட்டீகளா?"

"போட்டேன்... வேன் வந்துரும்னு..." நாக்கு குழறியது.

"இங்கன உக்காருங்க." கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளி அப்படியே அவர் வாயில் போட்டார். "மெல்லுங்க. பேசாதீக." இன்னொரு கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். வினோத்ராஜின் மனைவி மகிமா ஓடிவந்து அழத் தொடங்கினார். "அழுவுறதுன்னா அங்கன போயி அழு ஆத்தா. இங்கன காத்து வரட்டும்," என்றார் ஞானசெல்வி.

சற்று நேரத்தில் வினோத்ராஜின் முகத்தில் ரத்தம் திரும்பியது. முதலில் அவர் சொன்னது, "இருந்தாலும் அக்கா, விதிமுறைன்னு ஒண்ணு..."

"சரியாயிட்டாக," என்றார் ஞானசெல்வி, மகிமாவிடம்.

பிறகு தாழ்வாரத்தில் வரிசை நின்றது. யாருக்கு முதலில் என்று கமிட்டி கூடிப் பேசியது. பெரியவர்களுக்கா, பெண்களுக்கா என்று. "மொதல்ல எனக்கு," என்றார் ஞானசெல்வி. "கலக்குறவளுக்குத் தல வலிச்சா எல்லாருக்கும் நட்டம்." சபை பார்த்திருக்க, அவசரப்படாமல் ஊதி ஊதிக் குடித்தார். அதன் பிறகு ஆளுக்கு அரை டம்ளர், பால் இல்லாத கட்டன் காப்பி. யாரோ பாஸ்டரை முன்னால் விட ஒதுங்கினார்கள்.

"அவுக அங்கனயே நிக்கட்டும். பொறுமையப் பத்தி வாராவாரம் பேசுறாக," என்றார் ஞானசெல்வி.

பாஸ்டர் சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றார்.

மதியத்துக்கு மரத்தை அறுத்துத் தள்ளினார்கள். வேன் வந்தது. கறிக்குழம்பு வாசனையில் காப்பி வரிசை கலைந்து ஓடியது. வினோத்ராஜ் ஒரு தட்டு நிறையச் சோற்றோடு தாழ்வாரத்துக்கு வந்தார். "மொதத் தட்டு ஒங்களுக்குத்தான்க்கா."

ஞானசெல்வி தட்டைப் பார்க்கவில்லை. கேஸ் தீரும் தறுவாயில் நெருப்பு சிறுத்திருந்தது. காற்றுக்கு எதிரே ஓர் உள்ளங்கையை வளைத்து அதை மறைத்தபடி, பாத்திரத்தில் கொதிக்கத் தொடங்கிய காப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், பொறுங்கள் என்று மறு கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.