துண்டில் மூழ்கிய பெயர்

சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கூடம் முழுவதும் துண்டுகள். மின்விசிறிக்குக் கீழே, சாப்பாட்டு மேசைக்கு மேலே, தொலைக்காட்சிக்குக் குறுக்கே... கொடி கட்டிக் காயப்போட்டிருந்தோம். செய்தி வாசிக்கும் பெண்ணின் முகத்தில் பாதியைத்தான் பார்க்க முடிந்தது.

அத்தனையும் புதியவை. ஒருவர் உடம்பிலும் இன்னும் படாதவை. புதுத் துண்டை எதற்காக நனைக்க வேண்டும்? அதுவும் தென்காசியில், சாரல் விழும் சீசனில், நனைந்த எதுவும் காய்வேன் என்று வாக்குக் கொடுக்காத நாள்களில்?

காரணம், எம்பிராய்டரி.

எங்கள் மகள் கயலுக்குத் திருமணமான பிறகு வரும் முதல் சீசன் இது. சம்பந்தி வீட்டார் தூத்துக்குடியிலிருந்து குற்றாலக் குளியலுக்கு வருகிறார்கள். தென்காசியில் பெண் எடுத்தவர்களுக்கு அருவி ஓர் உரிமை. அதை நாம் மறுக்க இயலாது. எண்ணெய், சீயக்காய், துண்டு ஆகியவை பெண் வீட்டாரின் பொறுப்பு. அருவிக்கரைக் கூட்டத்தில் துண்டு கைமாறிப் போவதோ அன்றாட நிகழ்ச்சி. ஆகவே, ஒவ்வொருவர் துண்டிலும் அவரவர் பெயரை நூலால் பொறித்துக் கொடுப்பது என்று என் மனைவி கோமதி தீர்மானித்தாள்.

தீர்மானத்துக்குப் பின்னால் வேறொரு நோக்கமும் இருந்தது. அதன் பெயர் செண்பகவல்லி.

அவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. எங்கள் பக்கத்துத் திருமண அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள் — வரவை விரும்புவோர் என்று இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் தொடங்கிக் கைக்குழந்தைகள் வரை வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் செண்பகவல்லி அம்மையாரின் பெயர் இல்லை. அழைப்பிதழை அச்சிட்டது எங்கள் தரப்பு. பெயர் எப்படி விடுபட்டது என்ற விசாரணை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் அச்சகத்தைக் கைகாட்டுகிறோம், அச்சகம் எங்களை.

அம்மையார் திருமணத்துக்கு வந்தார். கோமதிக்கு ஒரு சேலை கொடுத்தார். பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

சாப்பிடாமல் போவதைவிடக் கடுமையான வசை எங்கள் ஊரில் உண்டா? அன்றுமுதல் கயல் அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போனால் காபி வரும், பேச்சு வராது. கயல் வாழும் கூட்டுக் குடும்பத்துக்கு அடுத்த தெருவில்தான் பெரியம்மா வீடு. நாளைக்கு நாலு முறை முகத்தில் விழிக்க வேண்டிய பெண், பேச்சில்லாத காபியை எத்தனை நாள் குடிப்பாள்?

இப்போது அவரும் குளியலுக்கு வருகிறார். அவர் பெயரைப் பொன்னிற நூலில் பொறித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். கோமதியின் திட்டம் அவ்வளவுதான்.

எம்பிராய்டரி எந்திரம் எதிர்வீட்டு ஜுலேகாவிடம் இருக்கிறது. வடகரைப் பெண். கணவர் ஷார்ஜாவிலிருந்து வாங்கி அனுப்பியது. எதிர்வீடு என்பதால் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பொத்தானை அழுத்தினால் பூ மலரும் என்பதுதான் அதுவரை இந்தத் தொழிலைப் பற்றி எனக்கிருந்த அறிவு.

ஜுலேகா முதலில் துண்டுகளைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னாள்.

“புதுத் துண்டு மொதத் தண்ணில சுருங்கும்க்கா. பேரப் போட்ட பொறவு சுருங்குச்சுன்னா, பேரச் சுத்தி மூஞ்சியச் சுழிச்ச மாதிரி ஆயிரும்.”

“ஏற்கெனவே செண்பகவல்லி மதினி மூஞ்சியச் சுழிச்சிக்கிட்டுதான் திரியுதாவ. துண்டுமா சுழிக்கணும்?” என்றாள் கோமதி.

அப்படித்தான் எங்கள் கூடம் சலவைத் துறையானது. காயாத ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து விரட்டினோம்.

அடுத்தது பிரேம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு வளையங்கள். இடையில் துணியை வைத்துத் திருகாணியை முடுக்கினால் துணி விறைத்து நிற்கும். ஆனால் குற்றாலத்துக்கு என்று கோமதி வாங்கிய துண்டுகள் மெத்தைக்கு நெருங்கிய உறவு. உள்வளையத்தை அழுத்தினாள் ஜுலேகா. அது அடங்குவதுபோல் பாவனை காட்டிவிட்டுத் துள்ளி எழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டோடியது.

“இது ஆவாது. பேப்பர மட்டும் பிரேம்ல மாட்டிக்கிடுவோம்” என்றாள் அவள்.

துணிக்கு அடியில் வைக்கும் தடித்த தாளை வளையத்தில் பூட்டி விரலால் தட்டிப் பார்த்தாள். பறைபோல் ஒலித்தது. அதன்மேல் துண்டைக் கோணாமல் விரித்துச் சுற்றிலும் குண்டூசி குத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் மெல்லிய ஒரு படலத்தைப் பரப்பினாள். துண்டின் பரப்பெங்கும் நூல் சுருணைகள் அல்லவா? வெறுமனே தைத்தால் எழுத்து அவற்றுக்குள் அமிழ்ந்துவிடும். இந்தப் படலம் எழுத்தைத் தாங்கிப் பிடிக்கும். தைத்த பிறகு தண்ணீர் பட்டதும் கரைந்து மறைந்துவிடும்.

“ஏட்டி, எப்பதான் தைக்கப் போற?” என்று கேட்டாள் கோமதி.

“இதாம்க்கா தையலு. மிச்சத்த மிஷினு பாத்துக்கிடும்.”

உண்மைதான். முக்கால் மணி நேரம் விரித்து, இழுத்து, நேர்பார்த்து, ஊசி குத்தியவர்கள் மனிதர்கள். சில நிமிடம் ஓடிய எந்திரத்துக்குத்தான் பாராட்டு. கல்யாண வீட்டில் மூன்று மாதம் அலைந்தவனை விட்டுவிட்டு, மேடையில் மைக் பிடித்தவனைப் புகழ்வதில்லையா நாம்?

சம்பந்தியின் பெயர் வந்தது. அவர் மனைவி பார்வதியின் பெயர் வந்தது. மாப்பிள்ளை, கயல்... எல்லாம் அச்சடித்ததுபோல் வந்தன. “கை நல்லாப் பழகட்டும். மதினி பேரக் கடைசில போடு” என்றாள் கோமதி. பெரியம்மாவின் துண்டு மட்டும் மறுநாளுக்கு நின்றது.

இங்கேதான் எங்கள் ஊர் குறுக்கிட்டது.

தென்காசிக்காரர்களுக்குச் சீசனில் ஒரு பழக்கம் உண்டு. எவர் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேற்குப் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைப்போம். மலைக்காற்று வரும்போது அடைத்துக்கொண்டு இருப்பதை ஏதோ தெய்வக் குற்றம்போல் நினைப்பவர்கள் நாங்கள். முதல் நாள் மாலை ஜுலேகா வீட்டுச் சன்னலைத் திறந்தவள் கோமதி. அதை அடைக்க எவருக்கும் தோன்றவில்லை. படலச் சுருள் அந்தச் சன்னல் திண்டில் இருந்தது. சாரலும் வந்தது. தண்ணீரில் கரைய வேண்டியது தன் கடமையை முன்கூட்டியே நிறைவேற்றிவிட்டது. மறுநாள் காலையில் நாங்கள் கண்டது ஓர் ஒட்டும் உருண்டை.

இன்னொரு சுருள் மதுரையிலிருந்து வர வேண்டும். சம்பந்தி வீட்டாரோ மறுநாள் விடியலில் வருகிறார்கள்.

“சும்மா போட்டுத்தான் பாரேன்” என்றாள் கோமதி.

ஜுலேகா தயங்கினாள், போட்டாள். எந்திரம் ஓடி நின்றது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். பெயரைக் காணவில்லை. நூல் சுருணைகளுக்கு நடுவே அங்கங்கே பொன்னிறமாக எதுவோ மினுங்கியது, அவ்வளவே.

கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பத்திரிகைலயும் காணும், துண்டுலயும் காணும். நான் வேணும்னே செய்யுதேன்னுல்லா நெனைப்பாவ.”

“பிரேம்ல இருந்து எடுத்திராதிய” என்று பதறினாள் ஜுலேகா. “அசையாம இருந்தா, இதுக்கு மேலயே இன்னொரு தடவ ஓட்டலாம். மேல விரிக்க மெல்லிசா ஒரு கவருதான் வேணும்.”

பால் உறை தடித்தது. கடைப் பை கறுப்பு. கோமதி எழுந்து எங்கள் வீட்டுக்குப் போய், மொடமொடவென்ற மெல்லிய உறைக்குள் இருந்த ஒரு சேலையுடன் திரும்பினாள்.

“இது அந்த மதினி கல்யாணத்துல குடுத்ததுல்லா? இன்னும் பிரிக்கவே இல்லியாக்கா?”

“கத்திரியக் குடு” என்றாள் கோமதி.

உறை துண்டாகியது, துண்டின் மேல் விரிந்தது, எந்திரம் பழைய தடத்திலேயே மீண்டும் ஓடியது. ஒட்டியிருந்த துணுக்குகளை ஊசி முனையால் கிள்ளி எடுத்தபோது... செண்பகவல்லி எழுந்து நின்றார். அடியில் ஒரு தையல், மேலே ஒரு தையல். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் வாசிக்கலாம்.

மறுநாள் ஐந்தருவிக்கு அருகே ஒரு தேநீர்க் கடை வாசலில் துண்டு வழங்கும் விழா. கோமதி அந்தச் சேலையை உடுத்தியிருந்தாள். செண்பகவல்லி அம்மையார் சேலையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பெயரின்மேல் விரலை ஓட்டினார்.

முதலில் வாய் திறந்தவர் அவருடைய தங்கை, எங்கள் சம்பந்தி அம்மாள் பார்வதி. தம் துண்டையும் அக்காள் துண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏக்கா, ஒம் பேரு மட்டும் என்ன இம்புட்டுத் தூக்கலா இருக்கு? எம் பேரு அமுங்கிக் கெடக்கு” என்றார்.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன். ஒரு பெரியம்மாவைச் சமாதானப்படுத்தப் போய்ச் சொந்தச் சம்பந்தியைப் பகைத்துக்கொண்டோமா? அடுத்த சீசனுக்கு இவர் பெயரை மூன்று அடுக்காகத் தைக்க வேண்டுமா? இது எந்த அடுக்கில் போய் நிற்கும்?

செண்பகவல்லி அம்மையார் தம் துண்டை வாங்கி மடித்துக்கொண்டார்.

“ஒம் பேரு பத்திரிகைல இருந்துச்சுல்லா. இது எனக்கு” என்றார் தங்கையிடம். பிறகு கயலின் பக்கம் திரும்பினார். “ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? தண்ணி பெலமா விழுது. எங் கையப் புடிச்சிக்கோ.”

இருவரும் பெண்கள் பகுதியை நோக்கிப் படியிறங்கினார்கள். பெரியம்மா ஏதோ சொல்ல, கயல் சிரிப்பது எனக்குக் கேட்டது. கோமதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சாரல்தான் என்று சொன்னாள்.

குளித்து மேலேறி வந்தபோது பெரியம்மாவின் தலையிலிருந்து நீர் சொட்டியது. துண்டு அவர் பைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அண்ணாச்சி, ஒங்க துண்டக் கொஞ்சம் குடுங்க. இத எப்பிடி நனைக்க? பேரு போட்டிருக்குல்லா.”

வீட்டுக்காரனுக்குப் பெயர் எதற்கு என்று என் துண்டை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். கொடுத்தேன்.

குளிர்ந்தது அவர் மனம். சளி பிடித்தது எனக்கு.