அழிக்கச் சொன்ன மே மாதம்

ராயபுரத்தில் என் அப்பா வாடகைக்கு விடுவது இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ். இதை ஒரே வரியில் எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரியில் மட்டும் அவர் டாடி, அவர் செய்வது பிசினஸ். அதற்கு மேல் யாராவது கேட்டால் முறைப்பேன். முறைப்பு எனக்கு நன்றாகவே வரும்.

எம்.பி.ஏ. இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியல் சார் ஒரு வேலை கொடுத்தார். தெரிந்த தொழில் ஒன்றின் மாதக் கணக்கைச் சில வருடங்களுக்கு எடுத்து வரைபடம் போட வேண்டும். வியாபாரம் மெல்ல ஏறுகிறதா, வருடா வருடம் ஒரே மாதத்தில் கூடுகிறதா, இரண்டிலும் சேராமல் தனியே துருத்துவது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில்தான்.

பழைய ரசீதுகளைக் கேட்டபோது அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"நம்ம பொட்டி காலேஜ்ல பாடமா ஆவுதா? கயுவி, தொடச்சி, மேல பூ போட்டுத்தான் எடுத்துனு போறோம், அத்தயும் சொல்லும்மா."

சொல்வேனா? 'குளிர்பதனப் பெட்டி வாடகை' என்று தலைப்பு வைத்தேன். பொய் இல்லையே. கல்யாணத்தில் ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டால் நானா பொறுப்பு?

அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். "டல்லான மாசத்துல ஆஃபர் குடுக்கலாம்," என்றான் ஒருவன். "ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ," என்றான் இன்னொருவன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சார் திரையில் ஒரு மாதத்தைத் தொட்டுக் காட்டினார். கொரோனா இரண்டாம் அலை அடித்த மே. கோடு அங்கே மட்டும் பனைமரம் மாதிரி நின்றது.

"லாக்டவுன். கல்யாணம் இல்ல, விசேஷம் இல்ல. வாடகை எப்படி ஏறும்? காரணம் ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சார். தப்பா டைப் பண்ணிட்டேன்."

"அப்ப அழிச்சிடு. மத்ததெல்லாம் ஒழுங்கா வரும்."

ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீட்டுக்கே தராத மாதம் அது. வீட்டிலேயே மூச்சு நின்றவர்களுக்காக எங்கள் பெட்டிகள் ஓய்வில்லாமல் போய்வந்தன. எங்களுக்குத் தொற்றிவிடுமோ என்று அப்பா வீட்டுக்குள் வராமல் மொட்டை மாடியில் படுத்தார். எல்லாம் தெரிந்துதான் அந்த எண்ணை அழித்தேன். கோடு சாதுவாகப் படுத்துக்கொண்டது.

"சார், அத்த அழிக்க வாணாம்."

பின் பெஞ்சிலிருந்து எழுந்தவள் விம்கோ நகரிலிருந்து வருபவள், தினமும் என்னோடு டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிடுகிறவள்.

"அந்த மாசத்துல எங்கம்மா கீறாங்க சார்."

வகுப்பில் நாங்கள் இருவரும் பார்த்துப் பார்த்துப் பேசும் தமிழ் இல்லை அது. சார் விழித்தார்.

"அது செத்தவங்கள வெக்கற பொட்டி சார். பயந்துகினு பக்கத்து வூட்டுக்காரங்க கூட வரல. இவ நைனாதான் மாடிக்குத் தூக்கினு வந்தாரு. ஒரு பக்கம் நான் புட்ச்சேன். பொட்டி மேல பூ போட்டு எட்தாந்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். நான் மறைக்கிறேன் என்பதும் தெரியும். எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ அவள் கண்ணெதிரே அவள் அம்மாவைத் தப்பான எண் என்று அழித்தேன். வெட்கத்தில் காது எரிந்தது. மே மாதக் கட்டத்தில் அந்த எண்ணைத் திரும்பப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூ போடறத சொன்னியாம்மா?"

"சொன்னாங்க, நைனா," என்றேன்.

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.