அவருக்கு மிஞ்சிய சொல்

கல்யாணமான நாள் முதல் கடலுக்குத்தான் பயந்தேன். என் கணவரோ மயிலிட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில், கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு இருந்த இடத்திலேயே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலது கை யாருடையதோ போல மடியில் கிடந்தது.

அவருடைய தம்பி கார் பிடித்துவந்தார். இருவருமாக யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாரிசவாதம் என்றார்கள்.

சில நாட்களில் கண் தெளிந்தது. வாயில் கதைதான் வரவில்லை. முன்பெல்லாம் அவர் கதைக்கத் தொடங்கினால் கரையில் வள்ளம் இழுப்பவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர்.

ஒருநாள் பின்னேரம் அவர் காலைத் தடவியபடி, "நோகுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் சொல், அதுவும் ஆமென்று; எனக்கு அழுகை வந்துவிட்டது. "தண்ணி தரட்டோ?"

"ஓம்."

கோப்பையை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாமோ?"

"ஓம்."

மறுபடி நீட்டினேன். இடக்கையால் தட்டிவிட்டார். படுக்கையெல்லாம் தண்ணீர். என்னைக் கோபமாகப் பார்த்தார்; பிறகு, தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே விளங்கியதுபோல, கண்களை மூடிக்கொண்டார்.

"நீங்கள் கதைக்கிறது அவருக்கு விளங்குது, அம்மா. நினைக்கிறதைச் சொல்லத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார் டொக்டர். "திரும்பி வருமோ, ஐயா?" என்றேன். "வரலாம். வராமலும் விடலாம்."

தினமும் பஸ்ஸில் போனேன். கஞ்சி பருக்கினேன். கடைவாயால் வழிந்ததைத் துடைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். ஒருநாள் அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, வீட்டை போவமோ?" என்றேன். "ஓம்." என்ன நினைத்தேனோ, "செத்துப்போனால் நல்லதெண்டு கிடக்கோ?" என்றும் கேட்டுவிட்டேன். அதற்கும் "ஓம்" என்றார். இரண்டும் ஒரே குரலில் வந்தன. எதை நம்புவது?

வீட்டுக்கு வந்தபின் கால் கொஞ்சம் தேறியது. பொல்லூன்றி இழுத்து இழுத்து நடந்தார். ஒருநாள் காலை நானும் தம்பியும் அவரைக் கரைக்குக் கூட்டிப்போனோம். எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"அண்ணை, நாளைக்குத் தொழிலுக்கு வாறியளோ?" என்று ஒருவன் ஆசையாகக் கேட்டான்.

"ஓம்" என்றார்.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அவர் முகம் கறுத்தது. என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தார்.

அதற்குப் பிறகு அவர் கரைக்குப் போகவில்லை. தம்பி வந்து கூப்பிட்டால் "ஓம்" என்பார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். மெல்ல மெல்ல நானும் கேட்பதை விட்டேன். சோற்றைக் குழைத்து முன்னால் வைப்பேன். சாப்பிட்டால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் எடுத்துக் காகத்துக்குப் போடுவேன். சாகும்வரை நாலைந்து வருஷம் அப்படித்தான் இருந்தார். இரண்டு பேர் இருந்த வீட்டில் பகல் முழுக்க ஒரு குரலும் கேட்காது.