நான்கு முறை எழுதிய தாள்

நாற்பத்தொன்று, நாற்பத்துநான்கு, நாற்பத்தாறு. ஒரே தாளில் மூன்று முறை நான் வாங்கிய மதிப்பெண்கள் இவை. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். மூன்று முறையும் குறைந்ததைக் கூட்டினால் பத்தொன்பது வரும். அந்தப் பத்தொன்பதை நான் எத்தனை தடவை கூட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

ஐம்பத்தைந்து வயதில் அஞ்சல் வழியில் எம்.காம். சேர்ந்தேன். கொட்டச்சேட்டுக்கு அருகே ஒரு காபி எஸ்டேட்டில் அப்போது முப்பத்தோராவது வருஷமாக ரைட்டர் வேலை. ஆள் கணக்கு, காபிப் பழம் எடை போடுவது, கணக்குப் புத்தகம் எல்லாம் என் பொறுப்பு. பி.காம். படித்தவன்தான். ஆனால் எனக்கு மேலே இருந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பதவிக்கு இனிமேல் எம்.காம். கட்டாயம் என்று முதலாளிகளின் கம்பெனி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அப்போதிருந்த மேனேஜர் இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற இருந்தார்.

சம்பளத்துக்காக நான் அந்தப் பதவியை விரும்பவில்லை. எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மேனேஜராக ஓய்வு பெறுகிறவருக்கு எஸ்டேட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஓட்டு வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவரும் மனைவியும் உயிரோடு இருக்கும் வரை அங்கே இருந்துகொள்ளலாம். ஒரு நாள் மேனேஜராக இருந்தால்கூடப் போதும். ரைட்டருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஐம்பத்தெட்டு முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இறங்க வேண்டியதுதான். மலையில் வாடகைக்கு வீடு தேடலாம் என்றால், நான் அறிந்த பதினான்கு வாடகை வீடுகளில் பதினொன்று சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் அறைகளாக மாறிவிட்டன. மீதி மூன்றின் வாடகையும் என்னால் கட்ட முடியாதது.

என் மனைவி கொட்டச்சேட்டில் பிறந்தவள். கல்யாணம், காதுகுத்து என்று சேலத்துக்குப் போனால் இரண்டாம் நாளே உடம்பெல்லாம் தடித்துவிடும். கோடையில் போனால் மூக்கில் ரத்தம் வரும். மின்விசிறிக்கு அடியில் அவளுக்குத் தூக்கம் வராது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. எங்கே இருப்பது என்பதை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்கை விண்ணப்பத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"இந்த வயசுல படிச்சு என்னுங்க பண்ணப் போறீங்க?"

"பாஸ் பண்ணுனா கீழ எறங்க வேண்டியதில்ல."

"அப்படீன்னா படிங்க" என்றாள். அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்கு மேல் அவள் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொடவில்லை. இரண்டு வருஷம் தொடவில்லை.

அலுவலகத்தில் எனக்குக் கீழே கிளார்க்காக இருந்த பெண்ணும் அதே வருஷம் சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயது. அவளுடைய அம்மா எங்கள் எஸ்டேட்டிலேயே பழம் பறித்தவர். நான் விண்ணப்பம் வாங்கியதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டு, மறுவாரம் அவளே போய் வாங்கிவந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மே மாதம் முதல் வருஷத் தேர்வு. ஐந்து தாள்கள், ஐந்து வாரக் கடைசிகள். கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஏற்காடு, அங்கிருந்து சேலம் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை இருக்கிறது, இருந்தாலும் நான் தனியாக எண்ணிக்கொள்வேன். பையில் நான்கு பேனா, இரண்டு ஸ்கேல், தண்ணீர், மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறு. பஸ் ஏறும்போது பறிக்கப் போகிற பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

"ரைட்டரய்யா பரீச்சைக்குப் போறாருங்கடி. பையில பலப்பம் வெச்சிருக்கறாரான்னு பாருங்க."

"பாஸ் பண்ணுனா எங்களுக்கெல்லாம் முட்டாயி குடுக்கோணுங்க அய்யா."

தேர்வு நடந்த கல்லூரியின் வாசலில் காவலாளி என்னை நிறுத்தினார். "பெத்தவங்க எல்லாம் அந்த மரத்தடியில நில்லுங்க. உள்ள உடமாட்டோம்." நான் ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பையன் பேருங்களா?" என்றார்.

மற்ற நான்கு தாள்களும் நன்றாகவே போயின. சிக்கியது உயர்நிலைக் கம்பெனிக் கணக்கியல். மற்ற தாள்களைப் படித்துத் தேற வேண்டும், இதை நான் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் போனேன். கேள்வித்தாளின் இரண்டாம் பகுதியில் இருபது மதிப்பெண் கணக்கு மூன்று. முதல் கணக்கு, தாய்க் கம்பெனியும் துணைக் கம்பெனியும் சேர்ந்த ஐந்தொகை, அதாவது பாலன்ஸ் ஷீட். பொறுப்புப் பக்கமும் சொத்துப் பக்கமும் ஒத்துவராமல் தொள்ளாயிரம் ரூபாய் இடித்தன.

எஸ்டேட்டில் என் பழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஒவ்வொரு ஆளாகப் பழத்தை எடை போட்டு எழுதுவோம். கடைசியில் பழம் அரைக்கும் இடத்தில் மொத்தமாக ஒரு எடை எடுப்பார்கள். இரண்டும் ஒத்துவராமல் நான் எழுந்ததில்லை. இரண்டு கிலோ இடித்தால் நூற்றெட்டு ஆளின் சீட்டையும் மறுபடி எடுப்பேன். ஆட்கள் நிற்பார்கள், குழந்தைகள் அழும், மழை வரும். நான் எழமாட்டேன். யாருடைய ஒரு கிலோவும் என் கையில் தொலையக் கூடாது என்று இருந்தேன். முப்பது வருஷத்தில் இடித்தபடி மூடிய நாள் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

தேர்வு அறையிலும் நான் எழவில்லை. தொள்ளாயிரத்தைத் தேடினேன். ஒரு மணி ஐந்து நிமிஷம் அதிலேயே போனது. கிடைத்துவிட்டது. துணைக் கம்பெனியின் சரக்கில் இருந்த லாபத்தைக் கழிக்க மறந்திருந்தேன். திருத்தி, இரண்டு கோடு போட்டு நிமிர்ந்தபோது பன்னிரண்டு நிமிஷம் மீதி இருந்தது. மற்ற இரண்டு கணக்குகளையும் தொடவே முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், கூடவே தேர்வு எழுதிய கிளார்க் பெண் கேட்டாள். "சார், மொதக் கணக்கு டேலி ஆச்சுங்களா? எனக்கு ஆகவே இல்லீங்க."

"அப்பறம் என்ன பண்ணுனே?"

"வித்தியாசத்த சஸ்பென்ஸ்னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டு அடுத்ததுக்குத் தாவிட்டனுங்க. படிக்குப் படி மார்க்கு உண்டுல்லீங்க சார். கடசி வரிக்கு ரெண்டு மார்க்குதான் போகும்."

"அது கணக்கே இல்ல" என்றேன்.

"கணக்கு இல்லீங்க சார், பரீச்சை" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு அறுபத்தெட்டு. எனக்கு நாற்பத்தொன்று. டிசம்பரில் அரியர் எழுதப் போனேன். அது பழம் பறிக்கும் காலம், விடுப்பு வாங்கவே மேனேஜரிடம் மூன்று தடவை நின்றேன். "என்னங்க ரைட்டரே, என் நாற்காலி அவ்வளவு சூடா இருக்குதுங்களா, இப்பவே துண்டு போடறீங்க" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை நேரம் பார்த்து எழுதுவது என்று தீர்மானித்திருந்தேன். ஒரு கணக்குக்கு நாற்பது நிமிஷம். முதல் கணக்கு நாற்பதாவது நிமிஷம் நூற்றைம்பது ரூபாய் இடித்தது. இன்னும் ஐந்து நிமிஷம் என்றேன். அந்த ஐந்து நிமிஷத்தை ஒன்பது முறை கொடுத்தேன்.

மூன்றாம் முறை அடுத்த மே மாதம். இரண்டாம் வருஷத் தாள்கள் ஐந்தையும் அதோடு எழுதினேன், ஐந்திலும் தேறிவிட்டேன். செப்டம்பரில் மேனேஜர் போகிறார். அதற்குள் வருகிற முடிவு இது ஒன்றுதான். மனைவி காலையிலேயே குளித்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக என்னோடு பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். மேற்கு ஓரத்து வீட்டை அதற்கு முந்திய வாரம் அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மேனேஜருக்குச் சேலத்தில் சொந்த வீடு இருந்ததால் அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அது காலியாகவே கிடந்தது. சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருப்பதாகச் சொன்னாள்.

அன்று கணக்கு நாலாயிரம் இடித்தது. முழுவதும் ஒரு தடவை சரிபார்த்தேன், என் வேலையில் தவறில்லை. அப்புறம்தான் கேள்வியில் கொடுத்திருந்த எண்களையே கூட்டிப் பார்த்தேன். துணைக் கம்பெனியின் பொறுப்புப் பக்கத்துக்கும் சொத்துப் பக்கத்துக்கும் கேள்வித்தாளிலேயே நாலாயிரம் வித்தியாசம். அச்சுப் பிழை. எத்தனை யுகம் தேடினாலும் அது ஒத்துவராது.

அப்போது மணி பதினொன்று நாற்பது. ஒரு மணி இருபது நிமிஷம் கையில் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எழுதுங்கய்யா, எல்லாருக்கும் அதுதானுங்க" என்றார். நான் கூடுதல் தாள் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கேள்வி எப்படித் தவறு என்று இரண்டு பக்கமும் கூட்டிக்காட்டி, எந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்பதற்கு மூன்று சாத்தியங்களும் எழுதி, மூன்றுக்கும் தனித்தனியாக ஐந்தொகை போட்டேன். மூன்றும் ஒத்துவந்தன. நாலரைப் பக்கம் ஆயிற்று. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் அந்தப் பெண்தான் போனில் முடிவைப் பார்த்தாள். தன் முடிவை முதலில் பார்க்கவில்லை, என்னுடையதைத்தான் பார்த்தாள். நாற்பத்தாறு என்று சொல்லாமல் போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள்.

செப்டம்பரில் அவளை மேனேஜராகப் போட்டார்கள். உத்தரவு வந்த அன்று சாயங்காலம் ஒரு சீப்பு மலைப்பழத்தோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே இருந்தாள். என் மனைவியைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்துச் சொன்னாள்.

"உங்கூட்டுக்காரரு லேசுப்பட்டவரில்லீங்க அக்கா. அவிய கேள்வித்தாளையே திருத்தி மார்க்குப் போட்டுட்டு வந்திருக்கறாரு. கேள்வி தப்புன்னு நாலரப் பக்கம். மத்தவீங்க எல்லாம் அத அப்படியே உட்டுட்டு அடுத்தத எழுதிப் பாஸுங்க."

மனைவி சிரித்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் போனபிறகு டம்ளரைக் கழுவி வைத்தாள். தாள் கடினம் என்றுதான் மூன்று தடவையும் நான் மனைவியிடம் சொல்லியிருந்தேன், நாலரைப் பக்கக் கதையை அலுவலகத்தில் அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் சொன்னேன். ஐந்தாம் நாள், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்.

"அந்தக் கணக்க உட்டுட்டு அடுத்தத எழுதியிருந்தா பாஸுங்களா?"

"ஆமா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "உட்டிருக்கலாமில்லீங்க" என்றாள். அதற்குமேல் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன்.

புது மேனேஜரின் கீழ் ஏழு மாதம் வேலை பார்த்தேன். என்னை சார் என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. மேற்கு ஓரத்து வீடு சும்மாதானே கிடக்கிறது, ரைட்டருக்குக் கொடுக்கலாம் என்று கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டுக்கும் விதி இல்லை என்று பதில் வந்தது. அந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். அதை டைப் செய்து கோப்பில் வைத்தவன் நான்.

ஏப்ரலில் அடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். இரண்டு அறை, தகரம் வேய்ந்த சமையலறை, மூன்று மின்விசிறி. மூட்டைகள் இருபத்தேழு. மே மாதத் தேர்வுக்குப் பணம் கட்டினேன். யாருக்காக என்று கேட்டால் தெரியவில்லை. மனைவி புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். முதல் கணக்கு ஆயிரத்து இருநூறு இடித்தது. அதன் கீழே சஸ்பென்ஸ் என்று எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி இரண்டாவது கணக்கைப் போட்டேன், மூன்றாவதையும் போட்டேன், பத்து நிமிஷம் முன்னாலேயே எழுந்துவிட்டேன். அறுபத்துமூன்று. அவ்வளவு சுலபமான தாள் அது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பட்டம் அடுத்த கோடையில் பதிவுத் தபாலில் வந்தது. மனைவி ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டபடி, விசிறிக்கு நேராக உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கவரைப் பிரித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, என் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

கீழே வந்த முதல் கோடையில் அவள் பகல் பஸ்ஸில் மேலே ஏற்காட்டுக்குப் போய்விடுவாள். ஏரிக்கரையில் ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். முப்பத்திரண்டு தடவை போனாள். அதற்கடுத்த கோடையில் பதினேழு. போன வருஷம் ஐந்து. இந்த வருஷம் மே பிறந்து மூன்று வாரமாகியும் ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை. நேற்று பதினோரு மணி பஸ் வரும் நேரத்துக்கு அவளுடைய பையையும் குடையையும் எடுத்து வாசலில் வைத்தேன்.

"உள்ள வெய்யுங்க" என்றாள்.

"மேல நல்ல மேகமா இருக்குது. போய்ட்டு வாயேன்."

"போறது ஒண்ணுமில்லீங்க. திரும்ப எறங்குறதுதான் நொம்பக் கஷ்டமா இருக்குது. போகாமயே இருந்துக்கறேன்."

பஸ் வந்து, நின்று, போயிற்று. குடையை உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.